12 வோல்ட் வீடு

உலகப் படத்தை எடுத்து விரித்துக்கொள்ளுங்கள். நம் மதுராந்தகம் வடக்கு அட்சரேகை 12½ டிகிரியில் இருக்கிறது. அங்கே விரலை வைத்து, ரேகை பிசகாமல் மேற்கு நோக்கி நகர்த்துங்கள். அரபிக் கடல் போகும், ஆப்பிரிக்கா போகும், அட்லாண்டிக் பெருங்கடல் முழுவதும் போகும். தென் அமெரிக்காவின் வட கரைக்குச் சற்று மேலே, கரிபியன் கடலின் வாசலில், விரல் ஒரு சிறு புள்ளியைத் தொடும். படம் சிறியதாக இருந்தால் அந்தப் புள்ளியும் இருக்காது. அதுதான் கேரியாகூ.

கிரெனடா நாட்டைச் சேர்ந்த தீவு இது. பரப்பு 34 சதுர கிலோமீட்டர். மக்கள் தொகை பத்தாயிரத்துக்கும் குறைவு. மரப்படகு கட்டுவதில் பெயர் பெற்ற தச்சர்கள் இங்கே உண்டு. அவர்களுடைய கலையை 2023இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தீவின் தென்மேற்குப் பக்கம் டிரல் விரிகுடா என்றோர் இடம். அங்கே எந்நாளும் பாய்மரப் படகுகள் நங்கூரமிட்டு நிற்கும். அவற்றில் பல உல்லாசப் படகுகள் அல்ல, வீடுகள். 10 அல்லது 12 மீட்டர் நீளப் படகொன்றில் கணவனும் மனைவியும், சில வேளை குழந்தைகளும், ஆண்டுக்கணக்கில் குடியிருக்கிறார்கள். அங்கிருந்தபடியே வேலையும் பார்க்கிறார்கள். ஒருவர் கிழிந்த பாய்களைத் தைத்துத் தருவார்; இன்னொருவர் நீரில் மூழ்கிப் படகுகளின் அடிப்பாகத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்வார்; வேறொருவர் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு எங்கோ இருக்கும் கம்பெனிக்குக் கணக்கெழுதுவார். ஒரு படகின் மேலேயே பற்றவைப்புப் பட்டறை நடந்ததுண்டு!

கேட்க எவ்வளவு இனிமையாக இருக்கிறது! ஆனால் கரையிலிருந்து அந்தப் படகுக்கு ஒரு மின்கம்பி வருவதில்லை. ஒரு தண்ணீர்க் குழாயும் வருவதில்லை. நாம் சுவிட்சைப் போடுகிறோம், விளக்கு எரிகிறது. குழாயைத் திருகுகிறோம், தண்ணீர் கொட்டுகிறது. இவற்றுக்குப் பின்னால் இருக்கும் கணக்கை மின்வாரியமும் நகராட்சியும் போட்டுவிடுகின்றன. படகில் இருப்பவரோ அந்தக் கணக்கு முழுவதையும் தாமே போட வேண்டும். கணக்கு தப்பினால் அதன் விலையையும் அவரே தர வேண்டும். அந்தக் கணக்கு எல்லாமே உங்கள் இயற்பியல் புத்தகத்தில் உள்ளதுதான். போட்டுப் பார்ப்போமா?

காலையில் காப்பிக்கு முன்பே படகுக்காரர் பார்ப்பது வோல்ட்மீட்டரை. படகில் மின்சாரம் 12 வோல்ட்; நம் வீட்டில் 230 வோல்ட். இரவெல்லாம் குளிர்சாதனப் பெட்டி ஓடியிருக்கும். பாய்மரத்தின் உச்சியில் நங்கூர விளக்கு எரிந்திருக்கும். பாட்டரியில் மிச்சம் எவ்வளவு?

செலவை ஆம்பியர்-மணியில் எழுதுவார்கள். குளிர்சாதனப் பெட்டி 5 ஆம்பியர் இழுக்கும். வெப்ப மண்டலமாயிற்றே, நாளில் பாதி நேரம் ஓடும். ஆக 60 ஆம்பியர்-மணி. படகிலேயே பெரிய தின்னி இதுதான். (அந்தப் பெட்டிக்கு முன்புறம் கதவு வைப்பதைவிட மேலே மூடி வைப்பதையே பலர் விரும்புகிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது. முன்கதவைத் திறந்தால் அது தண்ணீர்போலக் கீழே கொட்டிவிடும். மேல்மூடியைத் திறந்தால் உள்ளேயே கிடக்கும்.) விளக்குகள், சிறு விசிறிகள், தண்ணீர்ப் பம்பு, ரேடியோ எல்லாமாக 25. கம்ப்யூட்டர் 60 வாட் வீதம் 5 மணி நேரம். அது ஒரு 25. மொத்தம் 110 ஆம்பியர்-மணி. இதை 12 வோல்ட்டால் பெருக்குங்கள்: 1,320 வாட்-மணி. அதாவது, நம் மீட்டர் கணக்கில் சுமார் 1.3 யூனிட்.

1.3 யூனிட் என்றால் எவ்வளவு? உங்கள் கூடத்தில் சுழலும் பழைய 75 வாட் மின்விசிறி பதினெட்டு மணி நேரத்தில் செலவழிப்பது அவ்வளவுதான். ஒரு விசிறியின் செலவில் ஒரு குடும்பம் நாள் முழுவதும் வாழ்ந்து, வேலையும் பார்த்து முடித்துவிடுகிறது!

இப்போது வரவைப் பாருங்கள். 400 வாட் சூரியத் தகடுகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். முழு வெயிலுக்குச் சமமான நேரம் நாளில் 5 மணி எனக் கொண்டால் 2,000 வாட்-மணி வர வேண்டும். வராது. சிலிக்கன் சூடானால் அதன் திறன் டிகிரிக்குச் சுமார் 0.4 சதவீதம் குறையும். தகட்டின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு 25 டிகிரி வெப்பநிலைக்கு உரியது. கரிபியன் நண்பகலில் தகடோ 60 டிகிரியைத் தாண்டிவிடும். அங்கே 15 சதவீதம் போயிற்று. அடுத்து நிழல். பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பியின் நிழல் விரல் அகலம்தான் இருக்கும். ஆனால் தகட்டில் உள்ள மின்கலங்கள் தொடரிணைப்பில் இருக்கின்றனவே! தொடரிணைப்பில் எல்லாக் கலங்களிலும் ஒரே மின்னோட்டம்தான் பாய முடியும். நிழல் விழுந்த கலம் தன்னோடு சேர்ந்த மற்றவற்றையும் பிடித்து இழுத்துவிடுகிறது. கழிவெல்லாம் போகக் கையில் நிற்பது ஏறத்தாழ 1,400. வரவு 1,400, செலவு 1,320. இரண்டு நாள் மேகம் மூடினால் என்ன ஆகும் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

காற்று இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. கிழக்கிலிருந்து ஆண்டின் பெரும்பகுதி வீசும் வியாபாரக் காற்றைப் பற்றிப் பூகோளத்தில் படித்திருப்பீர்கள். 1.2 மீட்டர் விட்டமுள்ள சிறு காற்றாலையைப் படகின் பின்புறம் நட்டால், மணிக்கு 28 கி.மீ. காற்றில் 90 வாட் அளவில் கிடைக்கும். காற்று பாதியாகக் குறைந்தால் 45 வாட் கிடைக்குமா? கிடைக்காது. காற்றின் திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்குக்கு நேர் விகிதம். வேகம் பாதியானால் திறன் எட்டில் ஒன்று. 11 வாட்! சுழல்வதைப் பார்த்து மகிழலாம், அவ்வளவுதான்.

பாட்டரிக்கும் ஓர் எல்லை உண்டு. காரீய-அமில பாட்டரியை அடிக்கடி பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போய்விடும். ஆக 400 ஆம்பியர்-மணி பாட்டரியில் பயன்படுவது 200தான். அதன் எடையோ நூறு கிலோவுக்கு மேல். இப்போது பலர் லித்தியம்-இரும்பு-பாஸ்பேட் பாட்டரிக்கு மாறிவிட்டார்கள். பாதி எடைகூட இல்லை, பெரும்பகுதியைப் பயன்படுத்தலாம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், செயற்கைக்கோள் வழியே இணையம் தரும் தட்டு வந்து சேர்ந்தது. அது 50 வாட் இழுத்தால், நாள் முழுவதும் வைத்திருக்க 1.2 யூனிட். வீட்டுச் செலவு முழுவதற்கும் ஏறக்குறைய சமம்! வேலை முடிந்தவுடன் பலர் அதை அணைத்துவிடுகிறார்கள். புதிய கருவி ஒன்று வரும்போது அதன் விலையைக் கேட்குமுன் அது எத்தனை ஆம்பியர் என்று கேட்பது படகுக்காரர் வழக்கம். நல்ல வழக்கம் என்றே நினைக்கிறேன்.

12 வோல்ட்டுக்கே உரிய தொல்லை ஒன்றுண்டு. நங்கூரத்தைத் தூக்கும் மின் உருளை 1,000 வாட் என்று கொள்வோம். 230 வோல்ட்டில் அதற்கு 4½ ஆம்பியர் கூடத் தேவையில்லை. 12 வோல்ட்டில்? 83 ஆம்பியர்! பாட்டரி படகின் நடுவில், உருளை முனையில். போக 10 மீட்டர், வர 10 மீட்டர் கம்பி. 10 சதுர மில்லிமீட்டர் தாமிரக் கம்பி போட்டால் அதன் மின்தடை 0.034 ஓம். சின்ன எண்தானே என்று விட்டுவிடாதீர்கள், 83ஆல் பெருக்குங்கள். 2.8 வோல்ட் கம்பியிலேயே கரைந்துவிடும். உருளைக்குப் போய்ச் சேருவது 9 வோல்ட்டும் கொஞ்சமும். அது முனகும்; கம்பி சுடும். அதனால்தான் கட்டைவிரல் பருமனுள்ள கம்பி போடுகிறார்கள். எங்கள் வீட்டு இன்வர்ட்டரை ஒருமுறை அடுத்த அறைக்கு மாற்றியபோது, கையில் கிடைத்த கம்பியால் பாட்டரியை இணைத்தேன். மின்சாரம் நின்ற பத்தாம் நிமிடம் பிளாஸ்டிக் உருகும் வாசனை வந்தது. இருபது ஆண்டுகளாக ஓம் விதி நடத்துகிறவன் வீட்டில்!

தண்ணீருக்கு வருவோம். கேரியாகூவில் ஆறு கிடையாது. தீவு மக்களே கூரையில் விழும் மழையைத் தொட்டிகளில் பிடித்துத்தான் வாழ்கிறார்கள். படகின் தொட்டியில் 300 லிட்டர் பிடிக்கும் என்போம். ஆளுக்கு 10 லிட்டர் வீதம் இருவருக்குப் பதினைந்து நாள். நாம் ஒரு வாளிக் குளியலில் தீர்ப்பதைவிடக் குறைவு இது. பாத்திரத்தைக் கடல்நீரில் கழுவி, நல்ல தண்ணீரில் ஒரு முறை அலசுவார்கள். ஆனால் துணியைக் கடல்நீரில் துவைத்துக் காயப்போட்டுப் பயனில்லை. கடலுப்பில் உள்ள மக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சட்டை காய்ந்தாலும் மறுபடி பிசுபிசுக்கும். மழை வந்தால் வெயிலுக்குக் கட்டிய 8 சதுர மீட்டர் பந்தலே தொட்டியாகும். 10 மில்லிமீட்டர் மழைக்கு 80 லிட்டர்.

மழை வராவிட்டால்? சுற்றிலும் கடல். அதைக் காய்ச்சி வடிக்கலாமா? ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க மட்டுமே 22 லட்சம் ஜூலுக்கு மேல் வேண்டும், அதாவது 0.6 யூனிட். இரண்டு லிட்டர் வடித்தால் குடும்பத்தின் ஒரு நாள் மின்சாரம் தீர்ந்தது. இங்கேதான் சவ்வூடு பரவல் கைகொடுக்கிறது. உப்புக் கரைசலையும் நல்ல நீரையும் ஒரு சவ்வால் பிரித்து வைத்தால் நல்ல நீர் உப்பின் பக்கம் போகும் என்று படித்திருக்கிறீர்கள். கடல்நீரைப் பொறுத்தவரை அந்த இழுப்பு சுமார் 27 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அதைவிட அதிகமாக நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து அழுத்தினால்? நீர் திரும்பி வரும். உப்பு சவ்வுக்கு அப்பாலேயே நின்றுவிடும். கொள்கையளவில் லிட்டருக்கு 0.76 வாட்-மணி போதும். நடைமுறையில் சுமார் 55 வளிமண்டல அழுத்தத்தில் பம்பு செய்கிறார்கள். படகுகளில் உள்ள நல்ல கருவிகள் லிட்டருக்கு 4 வாட்-மணி அளவில் எடுத்துக்கொள்கின்றன. காய்ச்சி வடிப்பதோடு ஒப்பிட்டால் நூற்றைம்பதில் ஒரு பங்கு! சூரியத் தகடு, சவ்வு, பம்பு மூன்றும் இருந்தால் படகில் கடல் குடிநீராகிவிடுகிறது.

அதே கடல் இன்னொரு பக்கம் படகைத் தின்றுகொண்டும் இருக்கிறது. விசிறி வெண்கலம், அதன் தண்டு துருப்பிடிக்காத எஃகு, நடுவே உப்புநீர். இது வோல்ட்டா செய்த மின்கலம் அல்லாமல் வேறென்ன? கலம் ஓடினால் ஒரு உலோகம் கரைய வேண்டும். எனவே தண்டில் ஒரு துத்தநாகத் துண்டை மாட்டிவிடுவார்கள். அதுதான் முதலில் கரையும், மற்றவை பிழைக்கும். சில மாதங்களில் அது நக்கித் தின்ற அச்சுவெல்லம்போல் ஆகியிருக்கும். புதிது மாட்ட வேண்டும்.

சரி, வீடு நகராமல் இருக்க வேண்டாமா?

நங்கூரம் தன் எடையால் படகைப் பிடித்து வைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். 10 டன் படகுக்கு 20 அல்லது 25 கிலோ நங்கூரம் போட்டிருப்பார்கள். எடையால் எப்படிப் பிடிக்கும்? அது கலப்பைபோல மணலில் புதைந்து பிடிக்கிறது. இழுவை தரையோடு தரையாக இருந்தால் மேலும் புதையும். மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்துவிடும். ஆகவே ரகசியம் சங்கிலியில் இருக்கிறது. நீர் ஆழம் 5 மீட்டர், படகின் முனை நீருக்கு மேல் 1 மீட்டர், ஆக 6. இதற்கு ஐந்து மடங்கு, 30 மீட்டர் சங்கிலி விடுவார்கள். சங்கிலி தன் எடையால் தொங்கி, வளைந்து, தரையில் படுத்துக் கிடக்கும். படகு பின்னுக்குப் போனால் சங்கிலி கொஞ்சம் எழும்; காற்று தணிந்தால் படுக்கும். கனமான சங்கிலியே ஒரு சுருள்வில்லாக வேலை செய்கிறது!

எந்தக் காற்றில் இந்த வில் தீர்ந்துபோகும்? 10 மில்லிமீட்டர் சங்கிலி நீருக்குள் மீட்டருக்குச் சுமார் 2 கிலோ. அந்த 30 மீட்டரும் தரையை விட்டு எழும்ப ஏறத்தாழ 140 கிலோ எடைக்குச் சமமான இழுவை வேண்டும். படகு காற்றுக்குக் காட்டும் பரப்பு 10 சதுர மீட்டர் என்றால், நொடிக்கு 15 மீட்டர் காற்று, அதாவது மணிக்கு 54 கி.மீ., அந்த இழுவையைத் தந்துவிடும். அதற்கு மேல் சங்கிலி விறைத்த கம்பிதான். அலைக்கு அலை வெடுக்கென்று இழுக்கும். அப்போது நீளும் தன்மையுள்ள நைலான் கயிறொன்றைச் சங்கிலியோடு கட்டி அதிர்ச்சியை அதன்மேல் போடுவார்கள். மணிக்கு 216 கி.மீ. வந்தால்? வேகம் நான்கு மடங்கு. விசை வேகத்தின் வர்க்கத்துக்கு நேர் விகிதம். பதினாறு மடங்கு. இரண்டு டன்னுக்கு மேல்.

அவ்வளவு காற்று அங்கே வருமா? வராது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். அதற்கும் காரணம் உண்டு. புயல் சுழலுவதற்குப் பூமியின் சுழற்சி தேவை. அந்தச் சுழற்சியின் பங்கு அட்சரேகையின் சைன் மதிப்பைப் பொறுத்தது. 30 டிகிரியில் 0.5, 12½ டிகிரியில் 0.22, நிலநடுக்கோட்டில் சைபர். 5 டிகிரிக்குள் புயல் பிறப்பது மிக அரிது. இதனால் கிரெனடா 'புயல் எல்லைக்கு வெளியே' என்று பெயர் பெற்றது. வடக்கே உள்ள தீவுகளிலிருந்து படகுகள் ஜூன் மாதம் இங்கே வந்து ஒதுங்கின. ஆனால் 0.22 என்பது சைபர் அல்லவே! 1955 செப்டம்பரில் ஜேனட் புயல் கிரெனடாவையும் கேரியாகூவையும் நொறுக்கியது. பிறகு 49 ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் வரவில்லை. ஒரு தலைமுறை மறப்பதற்கு அது போதும். 2004 செப்டம்பர் 7ஆம் தேதி ஐவன் வந்தது. தப்புவதற்காக வந்து நின்ற படகுகளே கிரெனடாவில் குவியலாயின.

அடுத்தது 2024. இதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். ஏனெனில் இங்கே கணக்கு ஆம்பியரில் இல்லை, மணி நேரத்தில்.

ஜூன் 28ஆம் தேதி அட்லாண்டிக்கின் நடுவே ஒரு தாழ்வு மண்டலம். பெரில் என்று பெயரிட்டார்கள். வழக்கமாக ஜூன் மாதத்தில் அந்தப் பகுதிக் கடல் கடும்புயலை வளர்க்கும் அளவுக்குச் சூடாக இருக்காது. அந்த ஆண்டு இருந்தது. 29ஆம் தேதி மாலை பெரில், பார்படோஸ் தீவுக்குக் கிழக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், முழுப் புயலாகிவிட்டது. 30ஆம் தேதி நான்காம் வகைப் புயல். அட்லாண்டிக்கில் ஆண்டின் இவ்வளவு முற்பகுதியில் அந்த வகையை எட்டிய புயல் அதற்கு முன் பதிவானதில்லை. அது மணிக்குச் சுமார் 30 கி.மீ. வேகத்தில் மேற்கே நகர்ந்துகொண்டிருந்தது.

நீங்கள் டிரல் விரிகுடாவில் ஒரு படகில் இருக்கிறீர்கள். என்ன செய்வீர்கள்?

ஒரு வழி, தெற்கே டிரினிடாட் தீவுக்கு ஓடுவது. தூரம் 200 கி.மீ. படகு எவ்வளவு வேகம் போகும்? படகு தானே எழுப்பும் அலைக்குள் சிக்கிக்கொண்டிருக்கிறது. ஆழ்கடலில் 10 மீட்டர் நீள அலையின் வேகம் நொடிக்குச் சுமார் 4 மீட்டர், அதாவது மணிக்கு 14 கி.மீ. நீர்மட்டத்தில் 10 மீட்டர் நீளமுள்ள படகு அதைத் தாண்ட முயன்றால் தன் அலையின் மேட்டிலேயே ஏற வேண்டியிருக்கும். எஞ்சின் எவ்வளவு முக்கினாலும் நடக்காது. சராசரியாக மணிக்கு 10 கி.மீ. என்றுதான் திட்டம் போடுவார்கள். இருபது மணி நேரம். புயல் ஜூலை 1ஆம் தேதி முற்பகல் பதினொரு மணியளவில் தீவின்மேல் ஏறியது. 30ஆம் தேதி நண்பகலில் கிளம்பினால் இருப்பது 23 மணி. கையிருப்பு வெறும் 3 மணி. புயலுக்கு முன்னோடியாகப் பெரிய அலைகள் வேறு வந்துவிடும். ஆகவே 29ஆம் தேதி இரவே முடிவு செய்துவிட வேண்டும். அப்போது தீவில் என்ன தெரியும்? நீல வானம், இதமான காற்று. பாரமானியோ வழக்கம்போல ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். புயல் நெருங்கிய பிறகே அது விழத் தொடங்கும். மணிக்கு 10 கி.மீ. ஓடும் படகுக்கு அந்த எச்சரிக்கை காலம் கடந்தது. செயற்கைக்கோள் படத்தை நம்பித்தான் கிளம்ப வேண்டும். பலர் நம்பிக் கிளம்பினார்கள்.

இன்னொரு வழி, விரிகுடாவை ஒட்டியுள்ள அலையாத்திக் காடு. பிச்சாவரம் போயிருந்தால் இந்த மரங்களைப் பார்த்திருப்பீர்கள். குறுகிய நீர்வழிகள், பெரிய அலை எழும்ப அங்கே இடமில்லை. படகை உள்ளே செருகி, சிலந்தி வலைபோல எல்லாப் பக்கமும் வேர்களோடு கயிறு கட்டிவிடுவார்கள். பல புயல்களில் இது காப்பாற்றியிருக்கிறது. ஆனால் மரங்கள் அலையை நிறுத்துமே தவிர, இரண்டு டன் காற்றை முழுவதும் நிறுத்திவிட முடியாது. மேலும், பக்கத்துப் படகின் கயிறு அறுந்தால் அது உங்கள் மேல்தான் வந்து விழும். உங்கள் கயிறு எவ்வளவு பலமானதாக இருந்தாலும் பயனில்லை. கூட்டத்திலேயே மெலிந்த கயிறு எதுவோ அதுதான் உங்கள் பலம். 2017 செப்டம்பர் 6ஆம் தேதி இர்மா புயலில் வட தீவான டோர்டோலாவின் பராகீட்டா விரிகுடாவில் நூற்றுக்கணக்கான படகுகளுக்கு இதுவே நேர்ந்தது.

பெரில் கேரியாகூவைக் கடந்தபோது காற்று மணிக்கு 200 கி.மீ.க்கு மேல். தீவின் பெரும்பாலான கட்டடங்கள் கூரையிழந்தன அல்லது இடிந்தன. அலையாத்தி மரங்களில் ஓர் இலை மிஞ்சவில்லை. காட்டுக்குள் கட்டியிருந்த படகுகள் பல ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. மழைநீர்த் தொட்டிகளுக்கு நீர் தரும் கூரைகளே போய்விட்டதால் தண்ணீருக்கும் பஞ்சம். மின்கம்பங்கள் சாய்ந்து தீவே இருட்டு.

அடுத்த நாள்களில் கிரெனடாவிலிருந்து நிவாரணப் பொருள்களை ஏற்றிக்கொண்டு வந்தவற்றில் பாய்மரப் படகுகளும் இருந்தன. சவ்வுக் கருவியும் சூரியத் தகடும் உள்ள படகுக்குக் கம்பமும் வேண்டாம், குழாயும் வேண்டாம். ஒரு விசிறியளவு மின்சாரத்தில் வாழும் வீடு, தீவு இருண்ட அன்றும் முன்போலவே எரிந்தது.

பாரமானி 'வழக்கம்போல ஏறி இறங்கும்' என்றேனே, கவனித்தீர்களா? வெப்ப மண்டலத்தில் நல்ல வானிலையிலும் காற்றழுத்தம் நாளுக்கு இருமுறை ஏறும், இருமுறை இறங்கும். காலையும் இரவும் சுமார் பத்து மணிக்கு உச்சம்; பிற்பகலும் விடியற்காலையும் நான்கு மணி வாக்கில் தாழ்வு. வித்தியாசம் ஏறத்தாழ 3 மில்லிபார். உயரத்தில் ஓசோனும் கீழே நீராவியும் சூரிய வெப்பத்தை உறிஞ்ச, வளிமண்டலம் முழுவதும் பன்னிரண்டு மணிக்கொருமுறை ஊசலாடுகிறது. படகுக்காரர் இந்த ஊசலைப் பார்த்துப் பயப்படுவதில்லை. ஊசல் கலைந்தால்தான் பயப்படுகிறார்.

நாமும் அதே அட்சரேகைக்காரர்கள். உங்கள் பள்ளியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ ஃபார்ட்டின் பாரமானி இருந்தால், ஆசிரியரிடம் கேட்டுக்கொண்டு ஒரு வாரம் காலை பத்து மணிக்கும் மாலை நான்கு மணிக்கும் அளவெடுங்கள். வெர்னியரைப் பொறுமையாகப் படியுங்கள். தேடும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். அறையின் வெப்பநிலையையும் குறித்துக்கொள்ளுங்கள். டிகிரிக்குப் பாதரசம் சுமார் 0.12 மில்லிமீட்டர் உயர்ந்து காட்டும். மாலையில் அறை 4 டிகிரி கூடியிருந்தால் அரை மில்லிமீட்டரை அதுவே மறைத்துவிடும். அதைக் கழித்த பிறகு வரைபடம் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் எடுத்தால் இன்னும் நல்லது.